நீங்கள் இல்லாவிட்டால் நடக்குமா?

“அவங்க சொல்றதை எனக்குச் சொல்லு, நான் சொல்றதை அவங்களுக்குச் சொல்லு. நடுவுல உன் சரக்கைச் சேர்க்காதே,” என்றார் மாமா.

“சேர்க்கமாட்டேன் மாமா.”

“இவ வாயைத் திறந்தாலே மழை வரும். இதுல சேர்க்க வேற போறாளாக்கும்!” என்றாள் அத்தை.

“அவங்க யாரும் பணம் போடலைன்னா?” என்று கேட்டேன்.

மாமா நூலைப் பல்லால் கடித்தார். “கடையைச் சாத்த வேண்டியதுதான்.”

மாமா தையல்காரர். மாடிப்படிக்குக் கீழே இருந்த குறுகலான கடையில் இருபத்தாறு வருடம் தைத்தவர். பக்கவாதம் வந்து இடது கை துவண்டபோது, தன் சட்டைப் பொத்தானைத் தானே போட முடியவில்லை. பொத்தான்களுக்குப் பின்னால் சின்னக் காந்தங்களை வைத்துத் தைத்தார். ஒரு கையால் இழுத்துவிட்டால் சட்டை தானாக மூடிக்கொள்ளும். கேள்விப்பட்டு நாற்பத்துமூன்று பேர் வந்து தைத்துக்கொண்டார்கள். அதற்குமேல் அந்தக் கையால் முடியவில்லை. உதவிக்கு இரண்டு தையல்காரர்களை வைக்கத்தான் முதலீட்டாளர்கள் நடுவர்களாக இருக்கும் அந்தத் தொலைக்காட்சிப் போட்டிக்குப் போனோம். அவர்கள் பேசும் மொழி மாமாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

அரங்கம் குளிரூட்டிய அறை. எதிரே மூன்று நடுவர்கள். முதலில் நன்றாகத்தான் போனது. சிறியது, நடுத்தரம், பெரியது என்று மூன்றே அளவில் தைத்தால் என்ன என்று சாம்பல் நிறக் கோட்டு அணிந்தவர் கேட்டார்.

“பக்கவாதம் மூணு அளவுலயாங்க வருது?” என்றார் மாமா. நான் சொன்னதும் பெண் நடுவர் வாய்விட்டுச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பில் மாமாவுக்குத் தெம்பு வந்துவிட்டது. கழுத்திலிருந்த டேப்பை உருவிக்கொண்டு நேராகக் கோட்டுக்காரரிடம் போனார். “உங்க வலது தோள் அரை இஞ்ச் இறக்கம். உள்ளே பஞ்சு வெச்சுச் சரிக்கட்டியிருக்காங்க. உங்க தையல்காரர் கெட்டிக்காரர்!”

தொழில் தெரிந்தவனைப் பாராட்டியதாகத்தான் மாமா நினைத்தார். கடைசி வாக்கியத்தை மட்டும் நான் சொல்லியிருக்கலாம். முழுவதையும் சொன்னேன்.

கோட்டுக்காரர் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார். பிறகு கேட்டார்: “நீங்கள் இல்லாவிட்டால் இந்தத் தொழில் நடக்குமா?”

எங்களுக்கு முன்னால் வந்தவரிடமும் இதே கேள்விதான். அவர், தான் ஒரு வருடம் ஊரில் இல்லாவிட்டாலும் தொழில் தானாக ஓடும் என்று சொல்லி முதலீட்டை வாங்கிக்கொண்டு போனார். நானும் மாமாவும் திரைக்குப் பின்னால் நின்று அதைக் கேட்டோம். நான் அதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. எங்களிடம் பேசுவதைச் சொன்னால் போதும் என்று நினைத்துவிட்டேன்.

மாமா நிமிர்ந்து நின்றார். “நானில்லாம எப்படிங்க நடக்கும்? அளவு எடுக்கறது நான்தானே!”

மூவரும் பேனாவை மூடினார்கள். தொழிலில் பணம் போடலாம், ஒரு மனிதரின் கையில் போட முடியாது என்றார் பெண் நடுவர். மற்ற இருவரும் தலையசைத்தார்கள்.

ஒளிபரப்பில் தோள் அளந்த இடம் மட்டும் வந்தது, பின்னணியில் சிரிப்பொலியோடு. சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

“தோள் மாஸ்டர் இருக்காரா?” என்று தெருவில் போகிறவர்கள் கடைக்குள் எட்டிப் பார்த்தார்கள். மாமாவும் கூடச் சிரித்தார். நான்கு மாதத்தில் இயந்திரங்களை விற்றார்.

கடைச் சாவியை உரிமையாளரிடம் கொடுத்துவிட்டு வந்த அன்று, என் எதிரில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தார்.

“ஆயத்த ஆடை ஃபேக்டரிக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் குடும்மா, அவங்க மொழியில. தையல்காரர்னு போடாதே, தைச்சுக் காட்டச் சொல்லுவாங்க. எந்த வேலைன்னாலும் செய்வார்னு போடு.”