பாஹிமா மெயினை அணைத்த நாள்

விருத்தாசலத்தில் பீங்கான் கோப்பை சுடும் பாஹிமாவுக்கு அந்த ஆடியில் தொழிலே வெறுத்துப் போயிற்று. அவளுடைய மின்சூளையின் சூட்டை ஏற்றி இறக்குவது, யாரோ எழுதி இணையத்தில் இலவசமாக விட்டிருந்த ஒரு மென்பொருள். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம், திருத்தலாம். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் பாதியில் கரண்ட் போய்த் திரும்பினால், சூளை தகதகவென்று இருப்பது தெரியாமல் முதலிலிருந்து தொடங்கும். அதற்குள் சூளை ஆறி, கோப்பையின் பூச்செல்லாம் கொப்புளித்துவிடும். இரண்டு முறை சுட்டது அப்படியே குப்பைக்குப் போயிற்று.

அந்த மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்கள் கூடும் இணையக் குழுவில், தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் எழுதிப் போட்டாள்.

'சுடும்போது கரண்ட் ஏன் போகிறது?' என்று, கரண்ட் கட் என்பதையே அறியாதவர்போல ஒருவர் கேட்டார்.

பாஹிமாவுக்குச் சுருக்கென்றது. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மறுநாள் பார்த்தால், நேபாளத்திலிருந்து ஒருத்தி, நைஜீரியாவிலிருந்து ஒருவர், 'எங்களுக்கும் இதே கதிதான்' என்று எழுதியிருந்தார்கள். நேபாளக்காரி மென்பொருளைத் திருத்தியே அனுப்பிவிட்டாள். 'என் சூளை பழுதாகிக் கிடக்கிறது. நீங்கள் சோதித்துச் சொல்லுங்கள்' என்று கேட்டிருந்தாள்.

பாஹிமா திருத்திய மென்பொருளை ஏற்றிக்கொண்டாள். அன்று சூளை நிறைய, திட்டக்குடி டீக்கடைக்காரர் சொல்லியிருந்த கோப்பைகள். சூடு உச்சத்தை நெருங்கும்போது பாஹிமா மெயின் சுவிட்சில் கை வைத்தாள்.

"வேணாம்மா. நாமளே கெடுத்துக்கணுமா?" கூட வேலை செய்யும் அமுதவள்ளி அவள் கையைப் பிடித்தாள்.

"தானா போறப்ப தெரியறதுக்கு இப்பவே தெரியட்டும்க்கா. விடுங்க."

அணைத்தாள். திரை இருண்டது. பார்வைத் துளை வழியே உள்ளே சிவப்பு மங்கிக்கொண்டே வந்தது. அமுதவள்ளி வாய்க்குள் கொளஞ்சியப்பர் சாமியைக் கூப்பிட்டாள். மறுபடி போட்டதும், மென்பொருள் விட்ட இடத்தைச் சரியாகப் பிடித்துக்கொண்டது. ஆனால் இழந்த சூட்டை ஒரே மூச்சில் ஏற்றப் பார்த்தது.

"ஐயோ, எகிறுது பாஹிமா!"

கையாலேயே அணைத்து அணைத்துப் போட்டு ஒருவழியாக முடித்தாள். ஆறியபின் திறந்தால், மேல்தட்டுக் கோப்பைகள் வாய் கோணியிருந்தன. மற்றவை தப்பின.

சூடு எகிறிய வரைபடத்தோடு நடந்ததையெல்லாம் குழுவில் எழுதினாள். அன்று கேள்வி கேட்டவர்தான் அந்த மென்பொருளையே எழுதியவர் என்பது அப்போதுதான் தெரிந்தது. 'இப்படி ஒரு தேவை இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை' என்றார். சூடு ஏறும் வேகத்துக்கு ஒரு கட்டுப்பாடு சேர்த்தார். அடுத்த பதிப்பில் அது எல்லோருக்கும் கிடைத்தது.

ஐப்பசி மழையில், சூளை எரியும்போது கரண்ட் தானாகவே போயிற்று. இருவரும் ஓடி வந்து நின்றார்கள். திரும்பி வந்ததும் சூடு நிதானமாக ஏறியது. அமுதவள்ளி டீ போடப் போனாள். பாஹிமா மட்டும், உச்சம் தொடும்வரை அந்த இடத்தை விட்டு அசையவில்லை.