‘சரி’க்கு இருபதாவது டேக்

டப்பிங் கூடத்தில் அவளுக்கு அழுகை அக்கா என்றுதான் பெயர். சும்மா சொல்லக் கூடாது, பதினெட்டு வருஷமாகத் திரையில் எந்தக் கதாநாயகிக்குத் துக்கம் வந்தாலும் தொண்டை கட்டியது இவளுக்குத்தான். அப்படிப்பட்டவளைக் கூப்பிட்டு, அழவே கூடாது என்றால்?

அது ஒரு கொலைப் படம். அதில் ஒருவருக்கும் ஈவு இரக்கம் கிடையாது.

"கவனிச்சீங்களாக்கா? இதுல யாரும் யாரையும் நேரா பாக்கறதே இல்ல. கார் கண்ணாடி, ஜன்னல் கண்ணாடி வழியாத்தான். புருஷன் பொண்டாட்டிக்கு நடுவுலகூட ஒரு மீன்தொட்டி. மனசு ஒட்டாத ஜனங்க. உங்க குரலும் ஒட்டக் கூடாது," என்றார் இயக்குநர்.

படத்தில், மகள் செத்துவிட்டாள் என்று போனில் சேதி வரும். தாய் "சரி" என்று வைத்துவிடுவாள். அந்த ஒரு சொல்தான் வரவில்லை. எப்படிச் சொன்னாலும் ஓரத்தில் ஈரம் கசிந்தது.

பத்து நாள் வீட்டில் பழகினாள். சமைக்கும்போதும் சரி, துணி மடிக்கும்போதும் சரி, வாயில் அதே "சரி". ஏழு வயது மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

"அம்மா, அந்தக் குரல்ல பேசாத. யாரோ மாதிரி இருக்க."

"அட போடி, வேலைடி இது!" என்று சிரித்தாள். சிரித்திருக்க வேண்டாம்.

பத்தொன்பது டேக் வீணாகி, அணைக்காத மைக் முன்னால் நின்றபடியே சோர்ந்திருந்தபோது அவள் கைபேசி அதிர்ந்தது. பள்ளிக்கூட டீச்சர். மகள் மாடிப்படியில் உருண்டுவிட்டாள், மண்டையில் அடி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்றார். பின்னால் யாரோ விசும்புவது கேட்டது.

"சரி," என்று வைத்துவிட்டாள்.

ஹெட்போனுக்குள் இயக்குநர் துள்ளினார். "அக்கா! இதான், இதான்! ஓகே!"

அப்போதுதான் தான் சொன்னது அவள் காதிலேயே விழுந்தது. எந்த ஆஸ்பத்திரி என்று கேட்கவில்லை. விசும்பியது தன் பிள்ளை என்றுகூட உறைக்கவில்லை. ஐயோ, எந்தத் தாய் இப்படி வைப்பாள்! திரும்ப அழைத்து விசாரித்து, வண்டி பிடித்து, விழுந்தடித்து ஓடினாள். பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்பது பாதி பயம். தனக்கு என்ன ஆச்சோ என்பது மீதி.

நல்லவேளை, நான்கு தையலோடு போயிற்று. டீச்சர் வாசலிலேயே சமாதானம் சொன்னார்.

"ரொம்ப அழுதா. அம்மா குரல் கேட்டா அடங்குவான்னு ஸ்பீக்கர்ல போட்டேன். கேட்டதும் சட்டுனு நிறுத்திட்டா."

உள்ளே, தலைக்கட்டோடு மகள் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள்.

"இதோ அம்மா வந்துட்டாங்களே!" என்று எழுந்தாள் நர்ஸ்.

பிள்ளை நர்ஸின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தது.

"நீங்க போயிடாதீங்க சிஸ்டர்."