வாசலில் விட்ட சப்பாத்து

இன்று காலை எங்கள் தெருவுக்குப் பழைய உடுப்புச் சேர்க்கும் லொறி வந்தது. கொடுப்பதற்கென்று கட்டிய பையை வாசலில் வைத்திருந்தோம்.

பை போய்விட்டது. பக்கத்தில் கழற்றி விட்டிருந்த என் சப்பாத்தும் போய்விட்டது.

இருந்தது அந்த ஒரு சோடிதான். நாளை வேலைக்கு நேர்முகம்.

"லொறிக்காரன் அதை ஏன் எடுத்தவன்?" என்றேன்.

"வாசல்ல சப்பாத்துக் கழட்டுற ஆக்களை மெல்பேர்ன்ல அவன் எங்க கண்டான்?" என்றாள் மனைவி. "தானம் எண்டு நினைச்சிருப்பான். உங்களுக்குத்தான் புண்ணியம்."

சிரிக்கவும் அலுப்பாக இருந்தது. இந்த ஊரில் வெளியே விட்டது எல்லாம் வேண்டாத பொருள்.

எட்டாம் நம்பர் கறுப்புச் சப்பாத்து, இதை வாசிக்கும் அயலவர் யாரிடமாவது இருக்கிறதா? தேய்ந்தது என்றாலும் பரவாயில்லை. வீட்டில் டெலிபோன் இல்லாததால், மாலையில் நானே வீடு வீடாக வருகிறேன்.

அந்த லொறிக்காரனைப் போலத்தான்; என்னிடம் லொறிதான் இல்லை.