கீறலில் இறங்கிய எலும்பு

தசராவுக்கு ஊர் உலகமெல்லாம் மைசூருக்கு வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆய்வகத்தில் இருந்தவர்களோ லீவு போட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்கள். நான் மட்டும் இருந்தேன். என்னை நம்பி ஆறு கிண்ணம் செல்கள் இருந்தன.

பல் ஆஸ்பத்திரியில் பிடுங்கிப் போட்ட கடைவாய்ப் பற்களின் உள்சதையிலிருந்து எடுத்த ஸ்டெம் செல்கள் அவை. என்னவாக ஆவது என்று இன்னும் முடிவு செய்யாதவை. சட்டைப் பொத்தான் அளவு டைட்டானியம் வட்டுகள் மேல் அவற்றை வளர்த்தேன். மூன்று வட்டு கண்ணாடி போல் வழவழப்பு, மூன்று நாங்களே அரித்துச் சொரசொரப்பாக்கியவை. சொரசொரப்பில் செல் காலை ஊன்றிக்கொண்டு எலும்புச் செல்லாக மாறும். வழவழப்பில் அவ்வளவாக மாறாது. தாடையில் பதிக்கிற உலோகத்தை எலும்பு பிடித்துக்கொள்ளுமா என்பதே இதில்தான் இருக்கிறது. இந்த வித்தியாசத்தைக் காட்டிவிட்டால் என் ஆய்வுக்காலம் இன்னொரு வருடம் நீளும். கையில் இருந்தது கடைசிக் குப்பி செல். தவறினால் மறுபடி செய்ய எதுவும் இல்லை.

இரண்டு நாளுக்கு ஒருமுறை ஊட்டநீரை மாற்ற வேண்டும். ஞாயிறு என்றும் ஆயுத பூஜை என்றும் செல்களுக்குத் தெரியாது. பூஜையன்று வராந்தாவில் நின்று பிஸ்கட் கடித்துக்கொண்டிருந்தபோது எங்கள் ஊர் கௌதள்ளியிலிருந்து அம்மா போன் செய்தாள்.

“ஏங்கண்ணு, டிராக்டருக்கு மாலை போட்டுட்டு எல்லாரும் நிக்கறோம். நீ வரமாட்டியா?”

“செல்லுக்குச் சாப்பாடு மாத்தணும்மா.”

“ஒரு நாள் பட்டினி போட்டா செத்தா போயிரும்?”

“செத்துரும்.”

“எவளோட பல்லுக்கோ நேரத்துக்குச் சோறு போடறே. நீ தின்னியா?”

தின்றேன் என்றேன்.

பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தால் மைக்ராஸ்கோப்பில் தினமும் முகம் பார்க்கலாம். உலோகத்தை ஊடுருவி வெளிச்சம் போகாது. கண்ணில் படாத ஒன்றுக்கு மூன்று வாரம் ஊற்றிக்கொண்டே இருந்தேன். பேச்சுத்துணைக்கு இன்குபேட்டரின் உறுமல்.

இருபத்தோராம் நாள் சாயம் ஊற்றினேன். சுண்ணாம்புச் சத்து படிந்த இடம் மட்டும் சிவக்கும். சொரசொரப்பான மூன்றும் ரத்தச் சிவப்பு! கத்தியே விட்டேன், திரும்பிப் பார்க்க ஆளில்லை. வழவழப்பில் இரண்டு வெளிறிக் கிடந்தன. மூன்றாவதில் மட்டும் நடுவில் மெல்லிய சிவப்புக் கோடு, வளைந்து வளைந்து. ‘3’. என் கையெழுத்து.

வட்டின் அடிப்பக்கத்தில் வைரமுனைப் பேனாவால் எண்ணைக் கீறி வைப்பது எங்கள் வழக்கம். சொரசொரப்பு வட்டில் மேல் எது, கீழ் எது என்று பார்த்தாலே தெரியும். வழவழப்பு வட்டு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மின்னும். செல்களை விட்ட அன்று, தசரா ஊர்வல யானைகளின் ஒத்திகைக்காகச் சாலையை அடைப்பதற்குள் அறைக்குப் போய்விடும் அவசரத்தில், எண் மேலே வரும்படி வைத்துவிட்டேன். செல்கள் சமதளத்தை விட்டுவிட்டு என் கீறலைத் தேடிப் போய், அதற்குள் எலும்பை இறக்கியிருந்தன.

கேமராவைக் கொஞ்சம் நகர்த்தினால் எண் படத்தில் விழாது. நகர்த்தியும் பார்த்தேன். வெளிறிய, அருமையான படம். அப்புறம் ஆய்வகத்தை நடத்தும் எங்கள் மேடத்துக்குப் போன் செய்தேன். வீட்டில் கன்னடம் பேசுகிறவர்; என்னோடு மட்டும் தமிழைக் கலந்து பேசுவார்.

“மேம், மூணாவது ஸ்மூத் டிஸ்க்கைத் தலைகீழா வெச்சிட்டேன்.”

“யாரு பாத்தாங்க?”

“யாருமில்ல மேம்.”

“மத்தெ, பின்னே எதுக்குப் போன் பண்றே?” கோபமா சிரிப்பா என்று புரியவில்லை. “அதை ரிசல்ட் டேபிள்ல சேக்காதே. ஏன்னு கீழே எழுது. எக்ஸ்டென்ஷன் கஷ்ட ஆகத்தெ கணே.”

கஷ்டம்தான் ஆயிற்று. இரண்டு வட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று ஆய்வுக்காலத்தை முடிவு செய்யும் கமிட்டி சொன்னது. ஒரு வருடம் கேட்டதற்கு ஆறு மாதம் தந்தது. ஒருவர் மட்டும் அந்தச் சிவப்பு எண்ணின் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, என்ன பேனா என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

புதுப் பற்களுக்காக ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருக்கிறேன். யாருக்காவது பல் பிடுங்கும்வரை எனக்கு வேலை இல்லை. போன ஞாயிறு ஆறு மணிக்கே விழித்துவிட்டேன். குளித்து, தலை வாரி, செருப்பையும் மாட்டிக்கொண்ட பிறகுதான் போவதற்கு இடம் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.