இன்னும் வரன் பார்ப்பவர்கள்

இடது கை கீழ்நோக்கிய அம்புக்குறியை விட்டு அகலவில்லை. நீலத் திரையில் வெள்ளை எழுத்துகள் வரிவரியாக ஏறின. வலது கையில் பென்சில். பூராடம் ஆங்கில எழுத்தில் ஆறு விதமாகப் பதிவாகியிருந்தது. ஆறையும் நோட்டில் எழுதி, எதிரே தமிழில் ஒரே ஒரு பூராடம் எழுதியது அந்தக் கை. அடுத்தது உத்திராடம். இருபத்தேழு நட்சத்திரமும் முடிந்தால் ஊர்ப் பெயர்கள். மம்சாபுரம் மட்டும் ஒன்பது விதம்.

வெங்கடேஸ்வரி ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸேறி ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வருகிறவள். சமுதாயச் சங்கத்தின் திருமணத் தகவல் மையத்தில் இருபத்தைந்து வருடமாக அவள்தான் எல்லாம். டைப்பிஸ்டாகச் சேர்ந்தாள். புரோகிராம் எழுதிக் கொடுத்த மதுரைக்காரர் இரண்டே வருடத்தில் கடையை மூடிக்கொண்டு போய்விட, அவர் விட்டுப்போன ஃபாக்ஸ்ப்ரோ என்ற கம்ப்யூட்டர் மொழிப் புத்தகத்தை வரிவரியாகப் படித்து, கெட்டுப்போனதைத் தானே சரிசெய்யக் கற்றுக்கொண்டாள். டாஸ் காலத்துப் புரோகிராம் அது. மவுஸ் தெரியாது, தமிழ் தெரியாது, போட்டோ காட்டத் தெரியாது. இப்போது வருகிற கம்ப்யூட்டர் எதுவும் அதைத் திறப்பதில்லை. ஆடியில் கல்யாணப் பேச்சு கிடையாது என்பதால், ஆவணி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் விண்டோஸுக்கு மாற்றிக் கொடுத்துவிடும்படி செயலாளர் தனுஷ்கோடி சொல்லியிருந்தார். புதிய திரைகளையும் அவளே ஆக்சஸ் என்ற மென்பொருளில் கட்டினாள். ஆனியிலேயே தொடங்கிய இரண்டு மாத வேலை.

மையத்தில் ஒரு வழக்கம் உண்டு. வரன் முடிந்தால் அந்த வரிக்கு எதிரே கன்ட்ரோலையும் டி-யையும் சேர்த்து அழுத்துவாள். வரி அழியாது, ஓரத்தில் சின்னதாக ஒரு புள்ளி விழும், பட்டியலில் தெரியாமல் போகும், அவ்வளவுதான். நிச்சயம் முறிந்து பெற்றவர்கள் திரும்பி வந்தால், அதே இரண்டையும் மறுபடி அழுத்தி வரியை எழுப்பிவிடலாம். அதனால் புள்ளி விழுந்தவர்களை அவள் ஒருநாளும் ஒட்டுமொத்தமாகத் துடைத்ததில்லை.

அந்தப் புள்ளிகளில் ஒன்று மம்சாபுரம் சிவபாண்டி. பட்டாளத்துக்காரர். வெங்கடேஸ்வரிக்காக அவள் அப்பா எழுதிக் கொடுத்த விண்ணப்பத்தையும் அவள்தான் தட்டியிருந்தாள், 212-ஆம் எண். இரண்டு ஜாதகத்துக்கும் எட்டுப் பொருத்தம். லீவில் வந்த சிவபாண்டி அம்மாவோடு ஆபீசுக்கு வந்து, கம்ப்யூட்டர் எப்படிக் கண்டுபிடித்தது என்று கேட்டுக்கொண்டு செத்த நேரம் அவள் பக்கத்தில் நின்றார். பெயரை இப்போதே எடுத்துவிடுவீர்களா என்றும் கேட்டார். நிச்சயமான பிறகுதான் என்றாள். அந்த மாதமே அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வெங்கடேஸ்வரி வீட்டில் ஒரு வருடம் பொறுக்கும்படி கேட்டார்கள். ஏழாம் மாதம் சிவபாண்டியின் அம்மா தனியாக வந்து மேசையில் பத்திரிகை வைத்துவிட்டுப் போனார். பெண்ணின் பெயர் வேறு. அன்று சாயங்காலம் அந்தப் புள்ளியை வைத்ததும் இவள்தான்.

ஆள் வராத மத்தியானங்களில் ஃபைலை நேரடியாகத் திறந்து அந்த வரி வரை போய்ப் பார்ப்பாள். புள்ளி அங்கேயே இருக்கும். பார்த்துவிட்டு மூடிவிடுவாள்.

ஆடிப்பூரம் கழிந்த வாரம் புதிய திரையைப் பார்க்கத் தலைவர் அழகுராஜா வந்தார். மனைவி கல்பனாவையும் அழைத்து வந்திருந்தார். வெங்கடேஸ்வரி பட்டியலைத் திறந்தாள். அறுநூறு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்பதாயிரத்துச் சொச்சம் என்று வந்தது. அவளுக்கு உடனே விளங்கவில்லை. கல்பனாதான் முதலில் பார்த்தார்.

"ஏங்க, இதுல ஒங்க பேரு இருக்கு. இன்னும் பொண்ணு தேடுதீகளாம்."

அழகுராஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார்.

"பட்டதாரி வேணும்னு வேற போட்டிருக்கு," என்றார் கல்பனா. "நான் பத்தாவது ஃபெயிலு. இருபத்துநாலு வருசம் கழிச்சு இப்பத்தான தெரியுது, அன்னைக்கு எம்புட்டு மனசத் தேத்திக்கிட்டு வந்து தாலி கட்டுனீகன்னு."

தனுஷ்கோடி சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெங்கடேஸ்வரிக்குக் காது சுட்டது. புள்ளி வைத்தவர்களைத் தள்ளிவிடச் சொல்லும் கட்டளை பழைய புரோகிராமின் முதல் வரியிலேயே இருந்தது. இருபத்தைந்து வருடமாக அதை நினைக்கவே தேவை வந்ததில்லை. இந்த முறை புரோகிராம் வழியாகப் போகாமல் ஃபைலை நேரே திறந்து எடுத்துவிட்டாள். கல்யாணம் முடிந்தவர்கள் எல்லாரும் புள்ளியில்லாமல் எழுந்து வந்துவிட்டார்கள்.

அவர்கள் போன பிறகு மம்சாபுரம் என்று தேடினாள். தெளிவான தமிழில் வந்தது. சிவபாண்டி, வயது ஐம்பத்து மூன்று, வரன் தேடுகிறார். வயதைப் புதிய புரோகிராமே கணக்கிட்டிருந்தது. கடைசி பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருப்பதுபோல அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பழையதில் புள்ளி இருந்தது, எடுக்கவும் வழி இருந்தது. புதியதில் ஒருவர் இருப்பார், அல்லது இருக்கமாட்டார். பிறகு அந்த ஒரு வரிக் கட்டளையைப் போட்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து மாற்றினாள். 612 பேர் வந்தார்கள். மம்சாபுரத்தில் பன்னிரண்டு பெயர். ஒவ்வொன்றாகப் படித்தாள். எல்லாம் சரியாக இருந்தது.

மூன்று வருடத்துக்கு மேல் கிடக்கிற பெயர்களுக்கு போன் போட்டு, இன்னும் பார்க்கிறார்களா என்று கேட்டுவிட்டு வைத்துக்கொள்ளலாம், பதில் இல்லாதவர்களை எடுத்துவிடலாம் என்று தனுஷ்கோடி சொல்லியிருந்தார். ஒன்பது நாள் போன் போட்டாள். ஒருவர், பேரனே பள்ளிக்கூடம் போகிறான் தாயி என்றார். வத்திராயிருப்பு அம்மா ஒருத்தி, மகன் கல்யாணப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுகிறான் என்று சொல்லி அழுதுவிட்டு, "இருந்தாலும் பேரு கெடக்கட்டும்மா, எடுத்துராத," என்றாள். பாதி எண்கள் உபயோகத்தில் இல்லை.

கடைசியாக 212 மட்டும் மிஞ்சியது.

அதிலிருந்தது அப்பாவின் லேண்ட்லைன் எண். அப்பா போய்ப் பதினொரு வருடம். படிப்பு ப்ளஸ் டூ, வேலை இல்லை என்று அப்பா எழுதியபடியே இருந்தது. விண்ணப்பித்தவர் எழுதித் தராத எதையும் அவள் யாருடைய வரியிலும் மாற்றியதில்லை, தன்னுடையதிலும் மாற்றவில்லை. செயலாளர் சொன்ன விதிப்படி இது போகவேண்டிய வரி. யாரும் கேட்கப்போவதுமில்லை. அன்று முழுக்க வேறு வேலைகளைப் பார்த்தாள். மறுநாளும் பார்த்தாள்.

மூன்றாம் நாள் காலையில் புதிய விண்ணப்பத் தாள் ஒன்றை எடுத்துப் பேனாவால் நிரப்பினாள். வயது நாற்பத்தொன்பது. வேலை, தகவல் மைய நிர்வாகி. போன் எண் தன்னுடையது. எதிர்பார்ப்பு என்ற இடத்தில் பேனா நின்றது. ஆயிரக்கணக்கானவர்களின் எதிர்பார்ப்பைத் தட்டியிருக்கிறாள். எல்லாமே சிவப்பு, உயரம், பட்டப்படிப்பு. யோசித்து, 'பேசப் பிடித்தவர். மனைவியை இழந்தவரும் எழுதலாம்' என்று எழுதினாள். பெற்றோர் கையெழுத்துக்கான கோட்டில் தன் கையெழுத்தைப் போட்டாள். பிறகுதான் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து அதைப் பார்த்து 212-ஆம் வரியில் ஏற்றினாள்.

ஆடி கடைசி நாள், பென்டிரைவையும் பாஸ்வேர்டு எழுதிய உறையையும் அச்செடுத்த பட்டியலையும் தனுஷ்கோடி முன்னால் வைத்தாள். அவர் விரலை வைத்து ஒவ்வொரு பக்கமாக இறங்கி வந்தார். நாலாம் பக்கத்தில் விரல் நின்றது. எண்ணைப் பார்த்தார், பெயரைப் பார்த்தார்.

"ஏத்தா, இவியகிட்ட கேட்டாச்சா?"

"கேட்டுட்டேன் அண்ணாச்சி. இன்னும் பாக்குறாகளாம்."

அவர் தலையசைத்தார். மீதிப் பக்கங்களையும் அதே நிதானத்தில் பார்த்து முடித்து, கடைசித் தாளின் அடியில் 'மொத்தம் 238, பெற்றுக்கொண்டேன்' என்று எழுதிக் கையெழுத்திட்டு, பென்டிரைவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.