பெண்டுலத்துக்குப் பின்னால் இருந்த எழுத்து

போன கிழமை கனடாவில் இருக்கும் பழைய சிநேகிதன் ஒருவன் வட்ஸ்அப்பில் நாலு படம் அனுப்பியிருந்தான். மாமனாரின் வீட்டிலிருந்து அவனுக்கு வந்த சுவர் மணிக்கூடு. ‘என்ன பெறும்?’ என்று ஒரு கேள்வி, பின்னால் ஒரு சிரிக்கிற முகம். நாலாவது படத்தைக் கதவைத் திறந்துவைத்து எடுத்திருந்தான். பெண்டுலத்துக்குப் பின்னால், பலகையில், பென்சிலால் எழுதிய இரண்டு வரி மங்கலாகத் தெரிந்தது. நான் விலை சொல்லவில்லை. ‘அந்த எழுத்தில் துணிகூடப் படவிடாதே’ என்று மட்டும் எழுதினேன். ‘விலை கேட்டால் புத்தி சொல்கிறாய்’ என்று பதில் வந்தது. அவனுக்கு இதைக் கைபேசியில் தட்டி விளங்கப்படுத்த முடியாது. உங்களுக்குச் சொல்லிப் பார்க்கிறேன்.

சண்டை முடிந்து சனம் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். எனக்கு முப்பது வயது. வேலை இல்லை, ஒரு பழைய மோட்டார் சைக்கிள் மட்டும் இருந்தது. வவுனியாவில் பழைய தளபாடக் கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவர் ஒருவரோடு சேர்ந்துகொண்டேன்; எல்லாருக்கும் அவர் நானா. நானாவுக்குச் சொந்த ஊர் முல்லைத்தீவு. இருபது வருடத்துக்கு மேல் புத்தளத்தில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டுத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது அவருடைய வீட்டில் நிலையும் இல்லை, கதவும் இல்லை. அதனால்தானோ என்னவோ, கடை நிறைய அடுத்தவர் வீட்டு நிலைகளையும் கதவுகளையும் சாத்திவைத்திருந்தார். கதிரை, அலுமாரி, கட்டில் எல்லாம் அவருடைய பகுதி. மணிக்கூட்டை மட்டும் எனக்கு விட்டுத் தந்தார்.

“அந்த டிக் டிக் எனக்குத் தலையிடி தம்பி. நீயே வச்சுப் பார்” என்றார்.

எனக்கும் ஒன்றும் தெரியாதுதான். இன்டர்நெட் கடையில் மணித்தியாலக் கணக்காக இருந்து படம் பார்த்தேன். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் கண்ணாடி ஒன்று வாங்கினேன். அதைக் கண்ணில் செருகியதும் சனம் என்னை டொக்டரைப் பார்ப்பது போலப் பார்க்கத் தொடங்கியது. நானும் டொக்டரைப் போலவே முகத்தை வைத்துக்கொள்ளப் பழகினேன். முகப்பு எனாமலா, கடதாசியா? முள் இரண்டும் ஒரே சோடியா? பெண்டுலம் கூடவே வந்ததா, பிறகு யாராவது கொழுவியதா? மணி அடித்தால் உள்ளே இருக்கும் சுருள்கம்பியின் ஓசை எவ்வளவு நேரம் நிற்கிறது? இவ்வளவும் பார்த்துவிட்டு, நானாக ஒரு சட்டமும் சேர்த்துக்கொண்டேன். உள்ளே எவ்வளவு துப்புரவோ அவ்வளவு விலை. கொழும்பிலிருந்து வாங்க வந்த ஹோட்டல்காரர்கள் அழுக்கை விரும்பவில்லை.

அழுக்கு என்று நான் சொன்னது எதை என்று கேளுங்கள். ஒரு பழைய மணிக்கூட்டின் கதவைத் திறந்தால் முதலில் வருவது மணம்தான். மண்ணெண்ணெய், மெசின் ஒயில், பூச்சி உருண்டை, கரப்பான். பூநகரியில் வாங்கிய ஒன்றுக்குள் பல்லி முட்டை மூன்று இருந்தது. முல்லைத்தீவுக் கரையில் வள்ளமும் வலையும் வைத்திருந்த ஒரு சம்மாட்டி வீட்டில் மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருந்த மேசை மணிக்கூட்டின் வயிற்றுக்குள் ஞானஸ்நானச் சான்றிதழ்த் துண்டுகளை மடித்து வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்து வீட்டுக்காரரின் கையில் கொடுத்தேன். கடதாசியாக இருந்தால் எடுத்துக் கொடுக்கலாம். பலகையில் எழுதியிருந்தால்?

எங்கள் பக்கத்தில் பிள்ளை பிறந்தால் நேரம் முக்கியம். சாதகம் எழுத வேண்டும், அதற்கு நிமிடம் வேண்டும். அறைக்குள் பிள்ளை அழுத சத்தம் கேட்டதும் தகப்பன் ஓடிவந்து மணிக்கூட்டைப் பார்ப்பார். அந்த நேரத்தில் கொப்பி எங்கே, தாள் எங்கே? மணிக்கூட்டின் கதவைத் திறந்து, அந்தப் பலகையிலேயே எழுதிவிடுவார். கீழ்க்கண்ணாடியில் பூ வரைந்திருப்பதால் வெளியே தெரியாது. ஒரு வீட்டில் ஐந்து பிள்ளைகளின் நேரம் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தது. நான் டேர்பன்டைனில் துணியைத் தோய்த்துத் துடைப்பேன். போகாததை மெல்லிய அரத்தாளால் தேய்ப்பேன். பிறகு ஒரு பூச்சு வார்னிஷ். எத்தனை பலகைகள் என்று எனக்குத் தெரியாது. தெரியாமல் இருப்பது எவ்வளவோ நல்லது.

மல்லாவியில் பழைய இரும்பு சேர்ப்பவர் ஒருவரின் லொறியில் அந்த மணிக்கூடு வந்தது. யாருடைய வீட்டிலிருந்து, யார் கையால் கழன்றது என்று அந்த நாட்களில் யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. பெண்டுலம் இல்லை. முகப்பில் எட்டுக்குப் பக்கத்தில் எனாமல் கொஞ்சம் உடைந்திருந்தது. உச்சியில் இருக்க வேண்டிய குமிழ் போய், யாரோ பாலை மரத்தில் கடைந்து வேறொன்று பொருத்தியிருந்தார்கள். கணக்குப்படி அது விலை குறைக்கும் குறை. ஆனால் அந்தக் குமிழின் கைவேலை எனக்குப் பிடித்துப்போனது. விற்க மனம் வராமல் என் மேசைக்கு மேலே மாட்டினேன். விற்காத சாமானுக்கு வார்னிஷ் எதற்கு? ஆனால் பழக்கம் விடவில்லை. உள்ளே அழகான, சரிவான கையெழுத்து இருந்தது நினைவிருக்கிறது. என்ன எழுதியிருந்தது என்று பார்க்கவில்லை. துடைத்தேன்.

நாலைந்து வருடம் கழித்து உடையார்கட்டிலிருந்து ஓர் அம்மா கடைக்கு வந்தா. ஐம்பது வயது இருக்கும். யாரோ வந்துபோனவர்கள் சொல்லி, அரைநாளை பஸ்ஸில் கழித்து வந்திருந்தா. எனக்கு வணக்கம்கூடச் சொல்லவில்லை. நேரே மேசைக்கு வந்து, குமிழைத் தொட்டு, கதவைத் திறந்து, உள்ளே தலையை விட்டா. பலகையைக் கையால் தடவிப் பார்த்தா.

“இதுக்குள்ள எழுத்து இருந்ததே, தம்பி?”

“ஓம் அம்மா, இருந்தது.”

“அவர் எழுதினது. என்ர மகள் பிறந்த நேரம்.”

அப்போதுதான் கதிரையில் இருத்தித் தேத்தண்ணீர் கொடுத்து விசயத்தைக் கேட்டேன். குமிழைக் கடைந்தது அவவுடைய கணவர், தச்சுவேலை செய்தவர். கடைசிச் சண்டையில் மாத்தளனில் ஷெல் குண்டு பட்டுச் செத்துப்போனார். சாதகக் கொப்பி இருந்த பை தண்ணீருக்குள் போய்விட்டது. மகள் சுகந்தி முன்பள்ளியில் படிப்பிக்கிறா. மல்லாவியில் ஒரு பெடியன் அவவை விரும்பிக் கேட்கிறான். பெடியனின் தாய்க்கும் சம்மதம், சாதகக் குறிப்பு மட்டும் பொருந்த வேண்டுமாம். காலை நேரம், பள்ளிக்கூட மணி அடிக்க முதல் என்பதற்கு மேல் இந்த அம்மாவுக்கு ஒன்றும் தெரியாது. பெற்றுக்கொண்டு கிடந்தவ எப்படி மணிக்கூட்டைப் பார்ப்பா?

“துடைக்கேக்க வாசிச்சிருப்பியள்தானே, தம்பி. வாசிக்காமல் ஆர் துடைப்பினம்?” என்று கேட்டா.

இந்த இடத்தில் நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, வாசிக்காமல்தான் துடைத்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை. முழு மணியாகச் சொன்னால் பொய் என்று தெரிந்துவிடும் என்று அந்த நேரத்திலும் என் மூளை வேலை செய்தது.

“ஏழு இருபத்திமூண்டு, அம்மா” என்றேன்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அம்மா என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டா. நான் மணிக்கூட்டைக் கழற்றிச் சாக்கில் சுற்றி, வேறொரு பெண்டுலமும் போட்டு, காசு வாங்காமல் பஸ் வரை தூக்கிக்கொண்டு போனேன். பெரிய புண்ணியம் செய்தவன் போல் நடந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இரண்டு நாளில், அந்த அம்மா சாதகம் எழுதக் கொடுத்த சாத்திரியார் எனக்குத் தொலைபேசி எடுத்தார். சுகந்தி பிறந்த காலத்தில் கொழும்பில் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளிவைத்திருந்தார்கள். வன்னியில் பழைய நேரம்தான் ஓடியது, ஆனால் றேடியோவைக் கேட்டுப் புது நேரம் வைத்த வீடுகளும் இருந்தன. சின்ன நாட்டுக்குள் இரண்டு நேரம். எல்லையில் ஓமந்தையைத் தாண்டினால் கையில் கட்டிய மணிக்கூட்டைத் திருப்ப வேண்டும்.

“தம்பி, அது பழைய நேரமோ, புது நேரமோ?” என்று கேட்டார்.

“பழைய நேரம் எண்டு பக்கத்திலேயே எழுதியிருந்தது, ஐயா” என்றேன். ஒரு பொய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொன்று.

செவ்வாய் எட்டில் நின்றது. குற்றமுள்ள சாதகம், குற்றமுள்ளவனுக்குத்தான் கொடுக்கலாம் என்று சாத்திரியார் எழுதிக் கொடுத்தார். மல்லாவித் தாய் குறிப்பைத் திருப்பி அனுப்பினா. பெடியன் கொஞ்சநாள் முரண்டு பிடித்தான் என்று கேள்வி. அடுத்த வருடம் அவனுக்கு வேறிடத்தில் கலியாணம் நடந்தது. பிறகு வந்த இரண்டு இடமும் அதே எட்டில் வந்து நின்றது. இதெல்லாம் நானாவின் கடைக்கு வந்துபோகிற உடையார்கட்டுச் சனத்தின் கதையில் ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. நான் வேறொரு சாத்திரியாரிடம் போய், ஒரு மணித்தியாலம் முந்தியிருந்தால் என்ன என்று கேட்டேன். செவ்வாய் ஒன்பதுக்குப் போய்விடும், குற்றமில்லை என்றார். எனக்குச் சாத்திரத்தில் நம்பிக்கை இல்லை. அந்த ஒரு மணித்தியாலம் மட்டும் நெஞ்சில் ஏறி இருந்துகொண்டது.

மூன்று வருடம் பொறுத்தேன். பொறுத்தேன் என்று சொல்வது பிழை, பயந்துகொண்டு இருந்தேன். பிறகு ஒருநாள் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு உடையார்கட்டுக்குப் போனேன். வீட்டுத்திட்டத்தில் கட்டிய சின்ன வீடு. பூசாத சுவரில் மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது. தாயும் மகளும் இருக்கத்தக்கதாக எல்லாவற்றையும் சொன்னேன். வாசிக்கவே இல்லை, நேரம் நானாகக் கட்டியது, பழைய நேரம் என்றதும் பொய். சொல்லி முடிக்கும்போது நான் அழுதுகொண்டிருந்தேன்.

அம்மா கோபிக்கவில்லை. சிரித்தா.

“எங்கட பிள்ளைக்காக இப்பிடிச் சொல்லுறியள். எனக்கு விளங்குது, தம்பி. ஆனா அது சரியான நேரம். நீங்கள் அண்டைக்குச் சொன்ன உடன எனக்கு அவற்ற குரல் கேட்டது. கதவடியில நிண்டு, ‘ஏழு இருபத்திமூண்டு, பொம்பிளைப்பிள்ளை’ எண்டு சொன்னவர். அவர் செத்தாப் பிறகு எனக்கு அவற்ற குரல் ஞாபகம் வாறதே இல்லை. அண்டைக்குத்தான் வந்தது.”

எழும்பிப் போய் மணிக்கூட்டைத் திறந்து காட்டினா. நான் பூசிய வார்னிஷின்மேல் நீல மையால் ஏழு இருபத்துமூன்று என்று எழுதியிருந்தது. அழியாமல் இருக்கட்டும் என்று சுகந்தியைக் கொண்டு எழுதுவித்தாவாம்.

சுகந்தி படலை வரை கூட வந்தா.

“நீங்கள் சொன்னதை நான் நம்புறன், அண்ணை. சாத்திரியாரிட்டையும் போகவேண்டாம், இனி ஒருதரிட்டையும் சொல்லவும் வேண்டாம். அம்மாக்கு அப்பான்ர குரல் அந்த நேரத்தில மட்டும்தான் இருக்கு.”

“அப்ப உங்கட வாழ்க்கை?” என்று கேட்டேன்.

“பள்ளிக்குப் பிந்துது, அண்ணை” என்று சைக்கிளை எடுத்தா.

இது நடந்து இன்னும் சில வருடங்கள் போய்விட்டன. அவ இன்னும் கலியாணம் செய்யவில்லை. நான் சொன்ன சொல்லைக் காப்பாற்றி ஊரில் ஒருவரிடமும் வாய் திறக்கவில்லை. மணிக்கூடு வாங்குவதை விட்டுவிட்டேன். சுகந்தி பிறந்த உண்மையான நிமிடம் இன்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. அதைக் கடைசியாகக் கண்ணால் கண்டவன் நான். அழகான கையெழுத்து, ஒரே ஒரு வரி. துணியை எடுக்க முதல் அதை ஒருதரம் வாசித்திருக்கலாம்.