தெரிந்தே வைத்த பத்தியம்

மாலை நாலு மணி பத்து நிமிடம். அப்போதுதான் என் மகள் வசந்தா வயிற்றைப் பிடித்துக்கொண்டு "அம்மா..." என்றாள். ஆனால் தவறு அதற்கு மூன்று மணி நேரம் முன்பே நடந்து முடிந்திருந்தது. செய்தவள் நான். அறியாமல் செய்துவிட்டேன் என்று ஊரும் உறவும் நம்புகின்றன. இல்லை! தெரிந்தே செய்தேன்.

இரண்டு வருடமாக இதை ஒருவரிடமும் சொல்லவில்லை. நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது.

எங்கள் தோட்டம் கேரள எல்லைக்குள், பாலக்காடு பக்கம், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே இருக்கிறது. கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். வசந்தா எங்களுக்கு ஒரே பெண். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. பருத்தவள் என்று சொன்னால் போதாது. இரண்டு படி ஏறினால் மூச்சு வாங்கத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மல்லாந்து படுத்தால் மூச்சு முட்டும்; சுவரில் சாய்ந்தபடியேதான் தூங்குவாள். இப்படியே விட்டால் இருதயம் தாங்காது என்று கோயமுத்தூர் டாக்டர் சொல்லிவிட்டார்.

"வீட்டில் சமைப்பது யார்?" என்றும் அவர் கேட்டார்.

என் கணவர் திரும்பி என்னைப் பார்த்தார். கூட வந்திருந்த ருக்குமணியும் பார்த்தாள். வசந்தா மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ருக்குமணி என் கணவரின் தங்கை. இருபத்தைந்து வயதில் தாலி இழந்தவள், குழந்தை இல்லை. அண்ணன் வீட்டு மூலையில் உட்காராமல் நர்ஸ் படிப்புப் படித்து, பாலக்காட்டில் ஓர் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தவள். எங்கள் பக்கம் அண்ணியை 'நங்கை' என்போம். அவள் வாயில் அந்தச் சொல் எப்போதும் மரியாதையாகவே வரும். அந்த மரியாதையே எனக்கு எரிச்சலாக இருந்தது என்றால் நம்புவீர்களா?

குடலைச் சுருக்கி இணைக்கிற அறுவை ஒன்று உண்டு, தின்பதில் பெரும்பங்கு உடம்பில் ஒட்டாமல் போய்விடும் என்று எங்கேயோ விசாரித்து வந்தவள் அவள்தான். வெளிநாட்டில் படித்துவிட்டு மதராசுக்கு வந்திருந்த ஒரு சர்ஜனுக்குக் கடிதம் எழுதியதும் அவள்தான். எங்கள் பக்கத்தில் யாருமே கேள்விப்படாத வைத்தியம்! என் கணவர் பயந்தார். நானும் பயந்தேன். வசந்தா பயப்படவில்லை. "அத்தை கூட இருந்தாச் சரி" என்றாள்.

அத்தை... நான் இல்லையா கண்ணே?

எடையைக் குறித்து அனுப்பச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து ஆஸ்பத்திரித் தராசு எதுவும் அவளுக்குப் பற்றவில்லை. கடலை மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசுதான் வழி. நாலு பேர் பார்க்க என் பெண்ணை மூட்டை மாதிரி ஏற்றுவதா என்று நான் அழுதேன். ருக்குமணி அழவில்லை. மண்டிக்காரரிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமை பூட்டியிருந்த மண்டியைத் திறக்கவைத்து, சுற்றிலும் போர்வை கட்டி, வசந்தாவை மட்டும் உள்ளே கூட்டிப்போனாள். போர்வைக்கு வெளியே நான் நின்றேன். உள்ளே வசந்தா சிரித்தாள்! "அத்தை, நானு ஒன்னரை மூட்டைங்களா?" என்று கேட்டாள். "போடி, நீ விதைக் கடலை. சாதா மூட்டையோட சேத்துவாங்களா?" என்றாள் ருக்குமணி. அந்தச் சிரிப்பு என்னிடம் வந்து எத்தனை வருடமாயிற்று என்று எண்ணிப் பார்த்தேன்.

அறுவைக்கு முன் நெஞ்சு பலப்பட வேண்டுமாம். இரண்டு குளுக்கோஸ் பாட்டில்களை ரப்பர்க் குழாயால் இணைத்து, ஒன்றிலிருக்கும் தண்ணீரை ஊதி ஊதி மற்றதற்கு மாற்றச் சொல்வாள் ருக்குமணி. காலையில் வாய்க்கால் மேட்டில் நடை. மத்தியானம் மோர், சாயங்காலம் காய்கறி வேகவைத்த தண்ணீர். சமையற்கட்டில் எனக்கு வேலையே இல்லாமல் போயிற்று. உரலும் அம்மியும் காய்ந்து கிடந்தன. பாட்டிலுக்குள் தண்ணீர் குமிழியிடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் வெறும் அடுப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன்.

அந்த உடம்பை வளர்த்தது என் கை. ஒரு வயதில் வாந்தி பேதியில் பிழைக்கமாட்டாள் என்று கைவிடப்பட்ட குழந்தை அவள். உருண்டை உருண்டையாகப் பிசைந்து ஊட்டி மீட்டெடுத்தேன். அதற்குப் பிறகு நிறுத்தத் தெரியவில்லை, அவ்வளவுதான்! ஒவ்வொரு வருடமும் அவள் ரவிக்கையை நான் பிரித்துத் தைத்தேன். இனி ஒருத்தி வந்து அதைப் பிடித்துத் தைப்பாளாம். எல்லோரும் அவளைக் கும்பிடுவார்களாம்...

மதராசில் அறுவை நல்லபடியாக முடிந்தது. ஒரு மாதம் கழித்து வசந்தாவை வீட்டுக்குக் கூட்டிவந்தோம். ருக்குமணி நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு கூடவே வந்தாள். மதராசிலிருந்து ஒரு தாள் கொடுத்துவிட்டிருந்தார்கள். இங்கிலீஷில் தட்டச்சு செய்த தாள். என்ன கொடுக்கலாம், எது கூடாது, உடம்பு என்ன காட்டினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டும்... எல்லாம் அதில் இருந்தன.

ருக்குமணி அதை எனக்கு விளக்கவில்லை. அடுக்களை வாசலில் நின்று, "பத்தியம் நங்கை. கடும் பத்தியம். மத்ததெல்லாம் நான் பாத்துக்கறேனுங்க" என்றாள்.

'மத்ததெல்லாம்'! நான் பத்தாம் வகுப்பு தேறியவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பக்கத்துச் சித்தூரில் குழந்தைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவள். அதை அந்த வீட்டில் ஒருவருமே நினைவில் வைத்திருக்கவில்லை. நானும் நினைவூட்டவில்லை. ஒரு நாள் அவள் குளிக்கப் போனபோது, மஞ்சள் படிந்த கையைக்கூடச் சரியாகத் துடைக்காமல் அவள் பையிலிருந்து அந்தத் தாளை எடுத்தேன். இரண்டு தடவை படித்தேன். எண்ணெய், நெய், கொழுப்பு மிகக் கொஞ்சம். மீறினால் கடுமையான வயிற்றோட்டம், உடம்பிலிருந்து உப்பும் நீரும் வடிந்து உயிருக்கே ஆபத்து. அந்தக் கடைசிச் சொற்களுக்குக் கீழே கோடு போட்டிருந்தது.

படித்தேன்... மடித்து வைத்தேன்.

வாரம் ஒரு தடவை மண்டித் தராசு. ஒவ்வொரு வாரமும் எடை இறங்கியது. இறங்க இறங்க வசந்தா அத்தையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஒரு மத்தியானம் நான் தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். வெறும் தண்ணீர்! "அத்தைகிட்டக் கேட்டுட்டுக் குடிக்கறேம்மா" என்றாள். டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். பெற்றவள் கொடுக்கிற தண்ணீருக்கு இன்னொருத்தியின் உத்தரவா?

அடுத்த தோட்டத்துப் பாப்பக்கா அன்று வந்திருந்தாள். கஞ்சித் தெளிவைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள்: "வவுத்தக் கிழிச்ச புள்ளைய இப்படிக் கஞ்சித் தண்ணியிலயே கெடப்போட்டா நரம்பு எப்படி ஊறும்? புள்ளை பெத்தவளாட்டப் பத்தியம் போடோணுமாக்கும். உன்ற நாத்தனாளுக்கு அதெங்க தெரியும்? பெத்திருந்தாத்தான!"

கொடுஞ்சொல். எனக்கு இனித்தது. அதைவிட, அந்த ஒரு வார்த்தை மனதில் தங்கிவிட்டது. பத்தியம்! ருக்குமணி சொன்னதும் பத்தியம். பாப்பக்கா சொன்னதும் பத்தியம். ஆஸ்பத்திரிக்காரர்களுக்கு அது விலக்கு. எங்கள் வீடுகளில் அது விருந்து. பச்சை உடம்புக்காரிக்குப் பூண்டும் மிளகும் அரைத்துவிட்டு, சோற்றில் குழி பண்ணி நல்லெண்ணெய் ஊற்றிக் கொடுக்கிற பத்தியம்.

சில நாள் கழித்து ஒரு காலையில், விடுப்பை நீட்டிக்க ருக்குமணி பாலக்காட்டுக்குப் பஸ் ஏறினாள். கணவர் வயலில் இருந்தார். நான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

பூண்டு உரித்தேன், மிளகு அரைத்தேன், நல்லெண்ணெய் காய்ச்சினேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு என் அடுக்களையில் அந்த வாசம்! பாடத் தோன்றியது எனக்கு. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன்.

தட்டைப் பார்த்ததும் வசந்தா தயங்கினாள். "அத்தை சொன்னாங்களாம்மா?"

"பத்தியந்தான கண்ணு. உங்கத்தைதான பத்தியம்னு சொன்னா."

ஒவ்வொரு சொல்லும் உண்மை. மொத்தமும் பொய்.

நானே ஊட்டினேன். மூன்றாவது உருண்டையில் அவள் கண் கலங்கியது. "உன்ற கையில உண்டு எத்தனை நாளாச்சும்மா" என்றாள். நான் வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். வழிந்த எண்ணெயைத் துடைத்து அதையும் ஊட்டினேன்.

அவள் சாகவேண்டும் என்றா நினைத்தேன்? இல்லை... சத்தியமாக இல்லை. பின் எதற்காக? ஞாயிற்றுக்கிழமை தராசில் எடை கொஞ்சம் ஏறட்டும் என்று நினைத்தேன். ருக்குமணியின் முகம் ஒரு தடவையாவது வாடட்டும் என்று நினைத்தேன். அவ்வளவு சின்ன ஆசை. அந்தச் சின்ன ஆசைக்கு என் பெண்ணின் குடலைப் பணயம் வைத்தேன். தாளில் கோடு போட்ட வரி எனக்கு நினைவிருந்தது. நினைவிருக்கும்போதேதான் ஊட்டினேன்.

நாலு பத்துக்குத் தொடங்கியது நிற்கவில்லை. ஐந்தரைக்குள் அவள் நாக்கு காய்ந்து ஒட்டிக்கொண்டது. விரல்கள் கொக்கி போல் வளைந்து திரும்ப மறுத்தன. "அம்மா, கையைப் புடிச்சுக்கோ... கை என்னுதாட்டவே இல்லை" என்றாள். வாடகைக் காரில் கோயமுத்தூருக்குக் கிளம்பினோம். வேலந்தாவளம் எல்லைச் செக்போஸ்டில் முன்னால் ஒரு லாரி. கணவர் இறங்கி ஓடிக் கும்பிட்டார். என் மடியில் வசந்தாவின் தலை. உடம்பு முழுதும் எண்ணெய்ப் பிசுக்கும் வேர்வையும். அப்போதும் அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், முழு நம்பிக்கையோடு!

"என்ன கொடுத்தீர்கள்?" என்று ஆஸ்பத்திரியில் அந்த இளம் டாக்டர் கேட்டார்.

"பத்தியமுங்க" என்றேன்.

"என்ன பத்தியம்?"

சொன்னேன். அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "விவரம் தெரியாத ஜனங்கள்..." என்று நர்ஸிடம் முணுமுணுத்தார். நான் உடனே விவரம் தெரியாதவளின் முகத்தைப் போட்டுக்கொண்டேன். எவ்வளவு எளிதாக வந்தது! முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அதுதான் இரண்டாவது தவறு. முதலாவது மூன்று மணி நேரம் நீடித்தது. இது இன்றுவரை நீடிக்கிறது.

வசந்தா பிழைத்தாள். பதினோரு நாள் ஊசியும் பாட்டிலுமாக இருந்து மீண்டாள். இன்று மல்லாந்து படுத்துத் தூங்குகிறாள். சித்தூருக்குத் தட்டச்சு வகுப்புக்குப் போகிறாள், எதையும் பிடித்துக்கொள்ளாமல் பஸ் படி ஏறுகிறாள். அவளுக்கு இப்போது அளந்து சமைப்பது நான்தான். "அம்மா, இதை உங்கலாமா?" என்று என்னிடம்தான் கேட்கிறாள். நான் விரும்பியதெல்லாம் கிடைத்துவிட்டது, பார்த்தீர்களா?

ருக்குமணி நோம்பி பண்டிகைக்குக்கூட வருவதில்லை. வசந்தா உடம்பு எப்படி என்று கேட்டு ஒரு கார்டு மட்டும் வரும். போன மாதம் அந்தக் கார்டைப் படித்துவிட்டு வசந்தா சொன்னாள்: "பாவம் அத்தை. ஒத்தைச் சொல்லை விளக்கிச் சொல்லாம உட்டுட்டாங்க. நான் எப்பவோ மன்னிச்சுட்டேன்னு எழுதட்டுமாம்மா?"

எழுது என்றேன். நானே தபாலில் போட்டேன்!

இனி ஒன்றுதான் மிச்சம். அதைச் சொல்லாமல் இந்த வாக்குமூலம் முடியாது.

வசந்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை ஏழு மணி. அவள் இன்னும் கண் திறக்கவில்லை. வராந்தாவில் நானும் கணவரும் உட்கார்ந்திருந்தோம். ருக்குமணி வந்தாள். முந்தின நாள் கட்டிய அதே சேலை, கசங்கிப்போய். பாலக்காட்டிலிருந்து திரும்பி, பூட்டிய வீட்டைப் பார்த்து, பாப்பக்காவிடம் விஷயம் கேட்டு, சாவி வாங்கி உள்ளே போய், வசந்தாவுக்கு மாற்றுத்துணி எடுத்துக்கொண்டு முதல் பஸ்ஸில் வந்திருந்தாள். அடுக்களையில் நான் கழுவாமல் போட்டுவந்த வாணலியைப் பார்த்திருப்பாள்.

என்னிடம் வரவில்லை. நேரே டாக்டரிடம் போனாள்.

"தப்பு என்மேலதானுங்க டாக்டர். நர்ஸாயிருந்தும் பத்தியம்னு ஒரே சொல்லோட உட்டுட்டேன். எங்க பக்கத்துல அது புள்ளை பெத்தவங்களுக்குப் போடறதுங்க. நங்கை மேல குத்தமில்லைங்க."

நான் எழுந்தேன். ஒரு வார்த்தை போதும்... என் வாயில் அது இருந்தது. கணவர் தங்கையைப் பார்த்த பார்வையைக் கண்டேன். அப்படி ஒரு பார்வை என்மேல் விழுந்திருக்க வேண்டியது. மறுபடியும் உட்கார்ந்துகொண்டேன்.

பிறகு அவள் என்னிடம் வந்தாள். துணிப்பையை என் காலடியில் வைத்தாள். தன் பையிலிருந்து அந்த மதராஸ் தாளை எடுத்து நீட்டினாள். மடிப்பின் ஓரத்தில் மஞ்சளாக ஒரு கட்டைவிரல் ரேகை. அடுப்படிக்காரியின் விரல். அவள் அதைப் பார்க்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்தாள். குரலில் அதே மரியாதை.

"இனி இது உங்ககிட்டயே இருக்கட்டுங்க நங்கை. நீங்க இங்கிலீஷ் படிச்சவங்கதானுங்களே."